சளிக்காரிக்கு ஊற்றிய கிண்ணம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிண்ணத்தை நான் வேண்டுமென்று நிரப்பவில்லை. ரொட்டி மேல் சத்தியம். இதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை, நான் பெற்ற மகளும் நம்பவில்லை. நம்பாமல் போனதற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருந்தது, அதுதான் என் தலையெழுத்து.

எங்கள் வக்ஷ் பள்ளத்தாக்கில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். விருந்தாளிக்குக் கிண்ணத்தில் இரண்டு மடக்குதான் தேநீர் ஊற்ற வேண்டும். தீர்ந்தால் மறுபடி இரண்டு மடக்கு. திரும்பத் திரும்ப ஊற்றினால், இன்னும் கொஞ்சம் இருங்கள், போய்விடாதீர்கள் என்று அர்த்தம். கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பி நீட்டினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது என் மனைவி லோலா உண்டாக்கியது. சளி பிடித்தவர்களுக்கு அவள் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்புவாள். கறுப்புத் தேநீர், அதில் எலுமிச்சைத் துண்டு தோலோடு நாலு, ஒரு கட்டி கற்கண்டு. ஒருமுறை நான் கேட்டதற்கு, "சளிக்காரன் என்ன விருந்தாளியா? அரைக் கிண்ணம் ஊத்தினா வாய்க்குப் போறதுக்குள்ள ஆறிடும். ஆவி மூக்குல ஏற வேணாமா?" என்றாள். அதற்கு முன்னால் எலுமிச்சைத் தோலைக் கொதிக்கவைத்து, தலையில் துண்டைப் போட்டு ஆவி பிடிக்கவைப்பாள். பிறகுதான் கிண்ணம். அவள் போய் நாலு குளிர்காலம் ஆகிவிட்டது. நானும் மகள் மிஜ்கோனாவும் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

செய்யாமல் முடியாது. நான் எலுமிச்சைக்காரன். என்னிடம் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். மரங்கள் அதற்குள் நிற்கின்றன, குளிர்காலத்தில் மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவிடுவோம். வெளியே பருத்திக்காடு உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். ஏணி வைத்து உள்ளே இறங்கினால் கோடைக்காலம்போல வேர்க்கும். ஜனவரி பிறந்தால் ஊரில் எவன் மூக்கு அடைத்தாலும் என் வாசல் கதவைத்தான் தட்டுவான். நானும் திட்டிக்கொண்டே ரெண்டு பழம் கொடுத்தனுப்புவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஊரில் பேர். மூக்கடைத்தவனைப் பார்த்தால் மட்டும் அந்தக் கோபம் எங்கேயோ போய்விடும், அதையும் சொல்ல வேண்டுமில்லையா?

சரி, அந்தக் காரணத்துக்கு வருகிறேன். அதை மறைத்துப் பயன் இல்லை.

லோலா இறந்த மறு வருஷம் மிஜ்கோனாவைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. பஞ்சாலைக்காரர்கள், நல்ல குடும்பம். நான் முழுக் கிண்ணத்தை நீட்டினேன். வேண்டுமென்றேதான். பையனுக்குக் காது பெரிது என்று மகளிடம் சொன்னேன். அடுத்த வருஷம் இன்னொரு குடும்பம். அதற்கும் முழுக் கிண்ணம். மகள் கேட்டபோது, "கை நடுங்கிடுச்சும்மா, வழிஞ்சிடுச்சு" என்று பச்சையாகப் பொய் சொன்னேன். என் தங்கை வந்து கத்தினாள், "பொண்ணை எலுமிச்சை மரத்தோட சேர்த்துப் பள்ளத்துலயே நட்டு வைக்கப் போறியா?" என்று. அவளையும் விரட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என் வாசல் மிதிக்கவில்லை.

அந்த இரண்டு தடவையும் மிஜ்கோனா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன்களை அவளுக்குத் தெரியாது. மூன்றாவது அப்படி இல்லை. மூன்றாவது இல்ஹோம்.

இல்ஹோம் கால்வாய் பம்பு பழுது பார்க்கிறவன். போன கோடையில் எங்கள் பம்பு நின்றபோது வந்தான். அரை மணி நேர வேலையை மூன்று நாள் பார்த்தான். நான்காம் நாள் பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அன்றைக்கும் வந்தான். என் மகள் அவனுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்ததை நான் பள்ளத்துக்குள்ளிருந்து பார்த்தேன். கிண்ணத்தின் அடியில் ஒரே ஒரு மடக்கு ஊற்றியிருந்தாள். ஆறு தடவை ஊற்றினாள். இருபத்தேழு வயதுப் பெண், அப்பன் கண் முன்னாலேயே அப்படி ஊற்றினால் அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

அதனால் அவன் அம்மா பீபிரஜப் அக்கா பெண் கேட்டு வருகிறாள் என்று சொல்லி அனுப்பியபோது நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். இந்தத் தடவை ஒழுங்காக இருப்பது என்று முடிவு பண்ணினேன். முதல் நாளே முடிவெட்டிக்கொண்டேன். மிஜ்கோனா மாவு பிசைந்தாள், வீட்டைக் கூட்டினாள், நடுநடுவே என்னைப் பார்த்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"கை நடுங்குதா?"

"நடுங்கல."

"நாளைக்கும் நடுங்காது இல்ல?"

"போம்மா அந்தப் பக்கம், எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

மறுநாள் மதியம் இரண்டு பேர் வந்தார்கள். பீபிரஜப் அக்காவும், அவளுடைய நாத்தனார் ஹலீமாவும். ஹலீமாவின் நாக்கு எங்கள் கால்வாயைவிட நீளம். பெண் கேட்டு வரும்போது பெண் முன்னால் வரக்கூடாது, அதனால் மிஜ்கோனா சமையலறைக்குள் கதவை ஒருக்களித்துக்கொண்டு நின்றாள். வேறு வீடாக இருந்தால் அத்தையோ சித்தியோ தேநீர் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டு அத்தையைத்தான் நான் விரட்டியாயிற்றே. ஆக நானே ஊற்ற வேண்டியதாயிற்று.

பீபிரஜப் அக்கா உள்ளே வந்ததுமே பார்த்தேன், பாவம், மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர். வாயால் மூச்சு விட்டாள். வாக்குக் கொடுத்த நாளைத் தள்ளிவைத்தால் நாங்கள் தப்பாக நினைத்துவிடுவோமோ என்று, காய்ச்சலோடு கால்வாய்க் கரையெல்லாம் நடந்து வந்திருக்கிறாள். விரிப்பில் ரொட்டி, பாதாம், உலர்ந்த திராட்சை எல்லாம் இருந்தது. ஒரு பாதாமை எடுத்து மென்றாள். மென்றால் மூச்சுவிட முடியவில்லை, மூச்சுவிட்டால் மெல்ல முடியவில்லை.

"எத்தனை நாளாக்கா?" என்றேன்.

"நாலு நாள். ராத்திரி படுக்க முடியல தம்பி. உக்காந்தேதான் தூங்குறேன்."

"எலுமிச்சை எடுத்தீங்களா?"

ஹலீமா குறுக்கே வந்தாள். "எலுமிச்சை குளிர்ச்சி அண்ணே! சளிக்குப் போய் எலுமிச்சையா? நான் ஆட்டுக்கொழுப்புதான் தேச்சுவிடுறேன்."

என்னிடம் வந்து எலுமிச்சை குளிர்ச்சி என்கிறாள்! நான் விடுவேனா? "பச்சைத் தேநீர்ல போட்டா குளிர்ச்சி. கறுப்புத் தேநீர்ல, கற்கண்டு சேர்த்து, தோலோட போட்டா சூடு. இருபத்தஞ்சு வருஷமா எலுமிச்சையோட வாழுறேன், எனக்கே நீ பாடம் நடத்துறியா?" என்றேன்.

எழுந்து போய் நானே போட்டேன். சமையலறையில் மிஜ்கோனா கண்ணாலேயே என்ன என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு வந்தேன். அந்த நிமிஷத்தில் பெண் கேட்டு வந்ததெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. அக்கா இருமிய இருமல் லோலாவின் கடைசிக் குளிர்கால இருமல்போல இருந்தது, அது மட்டும்தான் என் காதில் கேட்டது. கிண்ணத்தை நிரப்பினேன். விளிம்புவரை. எலுமிச்சைத் துண்டு மேலே மிதந்தது. சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து பீபிரஜப் அக்கா முன்னால் வைத்தேன். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை வேறு என் முகத்தில்.

பீபிரஜப் அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஹலீமா முழங்காலில் கையூன்றி எழுந்துவிட்டாள். "போலாம் அண்ணி. கேட்டதுக்குப் பதில் வந்தாச்சு."

"இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே?" என்றேன் நான், மடையன்.

பீபிரஜப் அக்கா கிண்ணத்தைத் தொடவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வீட்டுல அல்லா பரக்கத் தரட்டும் தம்பி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். அவர்கள் செருப்பு மாட்டும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சளி அதிகமாகிவிட்டது, படுக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். வாசல்வரை போய், "சூடா குடிச்சிட்டுப் போயிருக்கலாமே" என்று வேறு கத்தினேன். ஹலீமா திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

உள்ளே வந்தேன். மிஜ்கோனா விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அந்தக் கிண்ணம், தளும்பத் தளும்ப, ஆவி பறந்துகொண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மூணு" என்றாள்.

"ஐயோ, இல்லம்மா! அந்த அக்காவுக்குச் சளி! நோயாளின்னு ஊத்தினேன், அம்மா ஊத்துவாளே அது மாதிரி..."

"மூணாவது கிண்ணம்ப்பா."

"ரொட்டி மேல சத்தியமா..."

"ரொட்டி மேல கை வைக்காதீங்க." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சண்டை முடிந்திருக்கும். "போன தடவை கை நடுங்குச்சு. அதுக்கு முன்னாடி காது பெருசா இருந்துச்சு. இந்தத் தடவை சளி. யாருக்குப்பா காது குத்துறீங்க?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினாள்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. வேலை எல்லாம் நடந்தது. பள்ளத்தில் காற்று விடத் தாளைத் தூக்கிக் கட்டினாள், பழம் பறித்தாள், எனக்குச் சாப்பாடு வைத்தாள். வைத்துவிட்டுப் போய்விடுவாள். இல்ஹோம் ஒருமுறை எங்கள் வழியாகப் போனான், வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. இரண்டாம் நாள் நடுப் பள்ளத்தில் ஏணிக்குக் கீழே அவள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "கண்ணுல எலுமிச்சை தெறிச்சிடுச்சு" என்றாள். பொய் சொல்ல என்னிடமிருந்துதானே கற்றுக்கொண்டாள்!

பெண்ணைப் பெற்றவன் பையன் வீட்டு வாசலில் போய் நிற்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. பெண் வீட்டார் காத்திருக்க வேண்டும், அவர்கள்தான் வர வேண்டும். தானாகப் போனால் பெண்ணுக்கு ஏதோ குறை, அதனால்தான் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று பேசுவார்கள். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் மூன்றாம் நாள் காலையில் ஒரு பை நிறைய எலுமிச்சையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று மிஜ்கோனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மானம் போகிறதே என்று அவளே தடுத்திருப்பாள்.

கால்வாய்க் கரையோடு போனால் முடிதிருத்தும் நோசிரின் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் கத்தரியும் கையுமாக வாசலிலேயே நின்றான்.

"என்ன சங்கீன், எலுமிச்சையோட எங்க? பெண் கேட்டு நீயே கிளம்பிட்டியா?"

"உன் வேலையைப் பாருடா."

"முழுக் கிண்ணத்தைக் கையோட எடுத்துட்டுப் போறியா, இல்ல அங்க போய் நிரப்பிக்குவியா?"

உள்ளே பாதி முடி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்கூடச் சிரித்தான். வேறு நாளாக இருந்தால் அந்தக் கத்தரியைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்திருப்பேன். அன்றைக்குப் பேசாமல் நடந்தேன். மானம் கப்பலேறிவிட்டது, இனி அதைக் கரையில் நின்று பார்த்து என்ன ஆகப் போகிறது?

கதவைத் திறந்தவள் ஹலீமா. முழங்கைவரை மாவு. முற்றத்தில் தந்தூர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதன் உள்சுவரில் அப்போதுதான் ரொட்டி ஒட்டியிருக்கிறாள்.

"யாரு, எலுமிச்சை அண்ணனா? வழி தவறிட்டீங்க போல. கடைத்தெரு அந்தப் பக்கம்."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"எப்படி இருப்பாங்க? படுக்கையில கிடக்காங்க. நீங்க கொடுத்த மரியாதையில இன்னும் ரெண்டு டிகிரி ஏறியிருக்கு."

உள்ளேயிருந்து பீபிரஜப் அக்காவின் அடைத்த குரல் கேட்டது. "யாரா இருந்தாலும் உள்ள விடு ஹலீமா. வெளிய பனி கொட்டுது."

உள்ளே போனேன். ஹலீமா பின்னாலேயே வந்தாள், என்னைத் தனியாக விட அவளுக்கு மனசில்லை. பீபிரஜப் அக்கா தலையில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். மூக்கு இன்னும் அப்படியே இருந்தது.

"ஒரு பாத்திரத்துல வெந்நீர் கொடுங்க" என்றேன். "மத்ததெல்லாம் அப்புறம்."

"இது என்ன ஆஸ்பத்திரியா?" என்றாள் ஹலீமா.

"கொடுத்துத் தொலை" என்றாள் பீபிரஜப் அக்கா. "மூச்சு விட முடியாம சாகுறதுக்கு இவன் கையால செத்தாலும் பரவாயில்ல."

நான் உட்கார்ந்து எலுமிச்சைத் தோலைச் சீவி வெந்நீரில் போட்டேன். கையால் கசக்கிப் போட வேண்டும், அப்போதுதான் எண்ணெய் இறங்கும். பாத்திரத்தை அவள் முன்னால் வைத்துத் துண்டைத் தலையில் போட்டேன். துண்டுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்.

"எதுக்கு வந்தே தம்பி?"

முகம் தெரியாதபோது பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது. "அந்தக் கிண்ணம் போன்னு சொல்லி ஊத்தினது இல்லக்கா. எங்க வீட்டுல சளிக்காரங்களுக்கு அப்படித்தான். லோலா பழக்கம். உங்களைப் பார்த்ததும் எனக்கு வேற எதுவும் ஞாபகம் வரல."

"நம்பிட்டோம்" என்றாள் ஹலீமா.

"நீ இதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கு ஊத்தினியாமே?" துண்டு கேட்டது. "அவங்களுக்கும் சளியா?"

ஆமாம், ஒருத்தருக்குச் சளி, ஒருத்தருக்குக் கை நடுங்கியது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல" என்றேன். "அவங்களை விரட்டத்தான் ஊத்தினேன்."

துண்டு விலகியது. பீபிரஜப் அக்காவின் முகம் வேர்த்துச் சிவந்திருந்தது. என்னை நேராகப் பார்த்தாள். "அப்போ உண்மையைச் சொல்லு. பொண்ணைக் கொடுக்க உனக்கு இஷ்டமா, இல்லையா?"

"இல்ல" என்றேன்.

ஹலீமா கையைத் தட்டினாள், மாவு பறந்தது. "பார்த்தீங்களா அண்ணி! அவரு வாயாலேயே!"

"எனக்கு இஷ்டம் இல்லக்கா" என்றேன். "அவ போயிட்டா அந்த வீட்டுல நான் யாரோட பேசுவேன்? மரத்தோடயா? காலையில எழுந்து ஏணியில இறங்கும்போது அவ பாட்டுச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அன்னைக்கு விடிஞ்சதுன்னு அர்த்தம். எனக்கு இஷ்டமே இல்ல. ஆனா அவளுக்கு உங்க பையனைப் பிடிச்சிருக்கு. முந்தாநேத்துலேர்ந்து என்னோட பேசல. பள்ளத்துக்குள்ள உக்காந்து தனியா அழறா. அதை என்னால பார்க்க முடியல. அதான் வந்தேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, திட்டுங்க. அவளை வேணாம்னு சொல்லிடாதீங்க."

என் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. தோல் சீவினால் அப்படித்தான் ஆகும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஹலீமா வேறு பக்கம் பார்த்தாள். அவள் வாய் அடைத்ததை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

பீபிரஜப் அக்கா தேநீர்க் கெண்டியை என் பக்கம் தள்ளினாள். "உங்க வீட்டுல சளிக்காரிக்கு எப்படி ஊத்துவீங்க? ஊத்து பார்ப்போம்."

கறுப்புத் தேநீர், தோலோடு நாலு துண்டு, ஒரு கட்டி கற்கண்டு. கை நிஜமாகவே நடுங்கியது, அதனால் மெதுவாக ஊற்றினேன். பாதி வந்ததும் ஹலீமாவைப் பார்த்தேன். பிறகு மீதியையும் ஊற்றினேன், விளிம்புவரை. பீபிரஜப் அக்கா அதை இரண்டு கையாலும் தூக்கி, முகத்தை ஆவியில் வைத்துக்கொண்டு, மடக்கு மடக்காகக் குடித்தாள். அடிக் கற்கண்டுவரை குடித்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. கைக்குட்டையை எடுத்து ஒரு தடவை மூக்கைச் சிந்தினாள், ஜன்னல் அதிர்ந்தது. இன்னொரு தடவை சிந்தினாள். அப்படியே நிறுத்தி, தலையைத் தூக்கி, மூக்கை உறிஞ்சினாள்.

"ஹலீமா."

"என்ன அண்ணி?"

"என்னமோ கருகுது."

ஹலீமா ஒரு வினாடி விழித்தாள். அப்புறம், "ஐயோ என் ரொட்டி!" என்று அலறிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

பீபிரஜப் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். "ஒரு வாரமா எனக்கு ஒரு வாசனை தெரியல. முதல் முதலா வந்ததே கருகின வாசனை!" என்றாள். மறுபடி ஒரு மூச்சு, நீளமாக, மூக்காலேயே இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "எலுமிச்சையும் தெரியுது தம்பி" என்றாள்.

ஹலீமா ரொட்டிகளை மேலங்கியில் வாரிக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒரு பக்கம் கரி. "எல்லாம் இவராலதான்! இவர் அழறதைப் பார்த்துக்கிட்டு நின்னதுல அடுப்பை மறந்துட்டேன்!" என்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

அந்த ரொட்டிகளில் ஒன்றை பீபிரஜப் அக்கா எடுத்தாள். சம்மதம் என்றால் பெண் வீட்டில் வைத்துத்தான் ரொட்டியை உடைக்க வேண்டும். வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த நல்ல ரொட்டியாக இருக்க வேண்டும், பெரியவர்கள் நாலு பேர் சுற்றி இருக்க வேண்டும். இங்கே பையன் வீட்டில், சளிக்காரி படுக்கையில் உட்கார்ந்து, கருகின ரொட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இதையா?" என்றாள் ஹலீமா. "நாளைக்கு நல்லதா சுடுறேனே. ஊர் சிரிக்கும்."

"ஊர் நேத்தே சிரிச்சு முடிச்சிடுச்சு. ஏன் தம்பி, வேணாமா?"

"உடைங்கக்கா" என்றேன்.

உடைத்தாள். பாதியை என் கையில் வைத்தாள். அது இன்னும் சுட்டது. மதியம்வரை உட்கார்ந்திருந்தேன், ஹலீமாதான் ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் இரண்டே மடக்கு. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கிளம்பும்போது, "எலுமிச்சை குளிர்ச்சிதான், நான் இன்னும் ஒத்துக்கல" என்றாள்.

திரும்பும் வழியில் நோசிரின் கடையைத் தாண்டினேன். அவன் வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த பாதி ரொட்டியைத் தூக்கிக் காட்டினேன். அவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்து, "வாழ்த்துக்கள் சங்கீன்" என்றான். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம்.

மிஜ்கோனா வாசலில் பழம் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் பாதி ரொட்டியை அவள் மடியில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், உடைந்த பக்கத்தைத் தடவினாள், கருகின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அங்க போனீங்களா?" என்றாள். "நீங்களா போனீங்க?"

"வேற யாரு போவா? எலுமிச்சை மரமா?"

"இல்ஹோம் அம்மாவுக்கு..."

"சளிதான். நெசமா சளி. நீ வேணா போய் மூக்கைப் பார்த்துக்கோ. அந்த ரெண்டு தடவை நான் பொய் சொன்னேன்மா. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டாள், கரியோடு. மென்றாள். "கருகியிருக்கு" என்றாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் சேர்ந்து. நானும்தான்.

அப்போது எனக்குத் தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பீபிரஜப் அக்கா ரொட்டியோடு வேறு எதையோ சேர்த்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று தெரிந்தது. மிஜ்கோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கெண்டியும் எலுமிச்சையும் கிண்ணமுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊற்றினாள். கிண்ணத்தின் அடியில் இரண்டே மடக்கு.

"என்னம்மா இது? எனக்குச் சளி பிடிச்சிருக்கு, நிறைய ஊத்து."

"மாட்டேன்" என்றாள். "நிறைய ஊத்தினா ஒரே தடவையில குடிச்சிட்டு எழுந்து பள்ளத்துக்குப் போயிடுவீங்க. உக்காருங்கப்பா."

குடித்தேன். மறுபடி இரண்டு மடக்கு ஊற்றினாள். கெண்டி காலியாகும்வரை அவளும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.